கே.கே. நகரில் மேக் அண்ட் சீஸ்: காரத்தைத் தேடாதீர்கள், பாலைப் பாருங்கள்

மதுரை கே.கே. நகரில் எண்பது அடி ரோட்டில் இருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், மாடி வீட்டின் கீழ்த்தளத்தையே கடையாக மாற்றி நடத்துகிறார்கள். எட்டு மேசைதான். பர்கர், சாண்ட்விச், பாஸ்தா, மில்க் ஷேக் என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பதெல்லாம் கிடைக்கும். நான் எழுத வந்தது அங்கே போடும் மேக் அண்ட் சீஸைப் பற்றி மட்டும், அதாவது மக்ரோனியைச் சீஸ் சாஸில் கலந்து செய்வது. பீங்கான் கிண்ணத்தில், ஓரத்தில் இன்னும் கொதி அடங்காமல், மேலே வறுத்த ரொட்டித் தூளோடு வருகிறது. விலை 180 ரூபாய். அருமையாக இருக்கிறது. போய்ச் சாப்பிடுங்கள். ஆனால் எப்போது போவது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்று சில விஷயங்கள் இருக்கின்றன.

கடையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. புதுக் கடை. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். ஒரு நாள் நடந்த தவறையும் கீழே சொல்லப்போகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு யாரும் கடையை எடைபோட்டுவிடக் கூடாது.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்களிடம் பாலை அளந்து வாங்கி, லேக்டோமீட்டர் போட்டு அடர்த்தி பார்த்து, கெர்பர் குழாயில் அமிலத்தோடு சேர்த்துச் சுற்றி, கொழுப்பு எத்தனை புள்ளி என்று படித்து நோட்டில் ஏற்றுவது என் வேலை. பாலில் செய்த எதைக் கண்டாலும் என் கண் முதலில் பாலுக்குத்தான் போகும். மேக் அண்ட் சீஸும் பாலில் செய்த சாப்பாடுதான். மக்ரோனி அதற்கு ஒரு துணை, அவ்வளவே.

மகள் கனடாவில், டொராண்டோ பக்கம் இருக்கிறாள். ஆடி மாதம் ஊருக்கு வந்தபோது பேரனுக்கு எங்கள் சாப்பாடு எதுவும் இறங்கவில்லை. ஒன்பது வயசு. அங்கே வீட்டில் அவனுக்குப் பிடித்தது டப்பாவில் வரும் மக்ரோனி. கொதிக்கவைத்து, கூடவே இருக்கும் ஆரஞ்சுப் பொடியைப் போட்டு, பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறினால் முடிந்தது. கிராஃப்ட் கம்பெனி 1937-ல் கொண்டுவந்த சரக்கு அது. வேலையும் கூலியும் இல்லாமல் ஜனங்கள் தவித்த காலத்தில், அமெரிக்காவில் 19 சென்ட்டுக்கு நாலு பேர் சாப்பிடலாம் என்று சொல்லி விற்றார்கள். கனடாவில் இன்றைக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அந்த டப்பா இருக்கும் என்கிறாள் மகள். பேரன் கேட்டான் என்பதால்தான் ஒத்தக்கடையில் இருந்து மாட்டுத்தாவணி வழியாக இந்தக் கடைக்கு அவனைக் கூட்டிப்போனோம்.

சமையல்கட்டுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். எனக்குக் கிடைத்த இடம் அதை ஒட்டிய மேசை. சமைப்பவர் கடைக்காரரே. கோவாவில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர். அவர் கை வேலையை முழுக்கப் பார்த்தேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வாணலியில் வெண்ணெய். அது உருகியதும் அதே எடைக்கு மைதா. பச்சை வாசனை போகிற வரைக்கும் வறுக்கிறார், சிவக்க விடுவதில்லை. சிவந்தால் சாஸில் ஒரு கருகல் வாடை ஏறிவிடும். அப்புறம் இளஞ்சூட்டில் இருக்கும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் அடிக்கிறார். பாலில் முன்னாடியே ஒரு பிரிஞ்சி இலையைப் போட்டுக் காய்ச்சி எடுத்து வைத்திருக்கிறார். ஒரு சிட்டிகை கடுகுத்தூள், துளி ஜாதிக்காய், மிளகுத்தூள். கரண்டியை முக்கி எடுத்தால் பின்பக்கத்தில் பூசினாற்போல நிற்கும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் துருவிய சீஸைப் போட்டார்.

நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தே தலையாட்டினேன். எல்லாமே அந்த அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. சீஸ் என்பது பாலின் புரதம் பின்னிய ஒரு வலை. அந்த வலைக்குள் கொழுப்பும் நீரும் பிடிபட்டிருக்கும். மெல்லிய சூட்டில் வலை தளர்ந்து உருகும். சூடு கூடிப்போனால் வலை இறுகிக்கொண்டு, உள்ளே இருக்கும் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்போது சாஸ் மணல் மணலாகி, மேலே எண்ணெய் மிதக்கும். பால் திரிவதற்குப் பக்கத்துச் சொந்தம் இது. மைதாவின் மாவுச்சத்து நடுவில் நின்று புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்க வைத்தால் மைதாவாலும் காப்பாற்ற முடியாது.

சாப்பிட்டு முடித்ததும் போய்ப் பேசினேன். “என்ன சீஸ் தம்பி?” என்றேன். “முக்கால் பங்கு செடார் அய்யா, கால் பங்கு சாதாரண ப்ராசஸ்டு சீஸ். கட்டியா வாங்கி நாங்களே துருவுறோம்” என்றார். இது தெரிந்து செய்கிற வேலை. செடாரில் சுவை இருக்கும், ஆனால் முரண்டு பிடிக்கும். ப்ராசஸ்டு சீஸில் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடிக்கும் உப்புகளைச் சேர்த்திருப்பார்கள், அதனால் வழவழவென்று உருகும். சுவை மட்டும் கொஞ்சம் மட்டு. கால் பங்கு அதைச் சேர்த்தால் செடாரையும் அடக்கி உருக வைத்துவிடும். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். அது உருகும்போது அவ்வளவு வழவழப்பு வராது. கட்டியாக வாங்குவது நல்ல பழக்கம்.

பால் பச்சைப் பாக்கெட்டா, நீலமா என்றும் கேட்டேன். சிரித்துக்கொண்டே “பச்சை” என்றார். ஆவின் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6. நீலத்தில் செய்தால் இந்தச் சாஸ் மெலிந்து மைதா முன்னால் வந்து நிற்கும். ஆரஞ்சில் செய்தால் வெண்ணெய், சீஸ் இரண்டோடும் சேர்ந்து நாலு வாய்க்கு மேல் திகட்டிவிடும். பச்சைதான் சரி.

இப்போது 180 ரூபாய் கணக்குக்கு வருகிறேன். “ஒரு கிண்ணம் மக்ரோனிக்கு இத்தனையா?” என்று பலர் கேட்பார்கள். என் மைத்துனரும் கேட்டார். கடைக்காரர் ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய 50 கிராம் சீஸ் போடுகிறார். ஒரு கிலோ செடார் எடுக்கப் பசும்பால் சுமார் பத்து லிட்டர் வேண்டும். அப்படியென்றால் அந்த 50 கிராமுக்குள் மட்டும் அரை லிட்டர் பால் இருக்கிறது. சாஸுக்கு ஊற்றும் பாலும் வெண்ணெயும் அதற்கு மேலே. ஒரு கிண்ணத்தில் முக்கால் லிட்டர் பாலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. மாட்டுக்குத் தீவனம் வாங்கிப் பால் கறப்பவர்களின் கணக்கைத் தினமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விலை நியாயம்.

சாப்பாட்டுக்கு வருவோம். மக்ரோனி, டியூரம் என்கிற கெட்டி ரகக் கோதுமையின் ரவையில் செய்தது. மைதாவில் செய்த மலிவு மக்ரோனி ஓவனுக்குள் போனால் குழைந்து கூழாகிவிடும். இது அப்படி இல்லை, கடித்தால் நடுவில் லேசாக உறுதி தெரிகிறது. தண்ணீரில் வேகவைக்கும்போதே இரண்டு நிமிஷம் முன்னதாக எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் சாஸோடு ஓவனில் வேகிறது. குழாய்க்குள்ளும் சாஸ் புகுந்திருப்பதால் கடிக்கும்போது உள்ளே இருந்து தனியாக ஒரு சூடு வரும், நிதானமாகச் சாப்பிடுங்கள். முதலில் நாக்குக்குத் தெரிவது உப்பு. அடுத்து செடாரின் லேசான புளிப்பு. கடைசியில் மிளகும் கடுகும் மூக்குக்கு அருகில் வந்து போகின்றன. கடுகு இருப்பது தனியாகத் தெரியாது, அது சீஸின் சுவையை எடுத்துக்கொடுக்கும். மேலே இருக்கும் ரொட்டித் தூள் வெண்ணெயில் வறுத்தது. சாஸ் அத்தனை மென்மையாக இருக்கும்போது பல்லுக்கு ஒரு வேலை வேண்டுமே, அந்த வேலையை அது பார்க்கிறது.

பக்கத்து மேசையில் இருந்த பையன் ஒருவன், “சீஸ் இழுபடவே இல்லையே அண்ணே” என்று குறைப்பட்டான். பீட்சாவில் நூல் நூலாக இழுபடுவது மொசரெல்லா. அதன் தயிர்க்கட்டியை வெந்நீரில் போட்டு இழுத்து இழுத்துச் செய்வதால் அந்தக் குணம் வருகிறது. செடார் இழுபடாது, உருகிச் சேர்ந்துகொள்ளும். இழுபடவில்லை என்பது இங்கே குறை ஆகாது.

என் மனைவி இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, “ஏங்க, இதில் காரமே இல்லையே” என்றாள். மதுரையில் பாதிப் பேர் இதைத்தான் சொல்லுவார்கள். மேசையில் மிளகாய்த் தூள் பாக்கெட்டும் ஓரிகானோ பாக்கெட்டும் வைத்திருக்கிறார்கள். எடுத்துக் கொட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தயிர்ச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு யாரும் காரம் இல்லை என்று குறை சொல்வதில்லை. இதையும் அப்படி நினைத்து வாயில் போடுங்கள். மனைவி அப்படித்தான் அடுத்த ஸ்பூனை எடுத்தாள், கிண்ணத்தில் பாதியை முடித்தாள். அவளுக்கு இரத்த அழுத்தம் உண்டு, அதனால் பாதியோடு நானே நிறுத்தச் சொன்னேன். சீஸில், அதுவும் ப்ராசஸ்டு சீஸில், உப்பு அதிகம். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுவதே நல்லது.

பேரன் முதலில் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். “தாத்தா, இது ஆரஞ்சா இல்லை” என்றான். நிறத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எந்தப் பாலும் ஆரஞ்சு நிறத்தில் கறப்பதில்லை. பசு தின்னும் பச்சைப் புல்லில் இருக்கும் கரோட்டின் என்கிற மஞ்சள் நிறமி கொழுப்போடு பாலில் இறங்குவதால் பசும்பாலுக்கு ஒரு மஞ்சள் சாயல் உண்டு. எருமை அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடும், அதனால் எருமைப்பால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். அதற்கு மேல் வரும் ஆரஞ்சு, நாம் சேர்ப்பதுதான். அமெரிக்காவில் அந்த டப்பாப் பொடியில் பல வருஷம் செயற்கைச் சாயம் போட்டு, 2016-ல்தான் அதை எடுத்துவிட்டு பாப்பிரிகா என்கிற மிளகாய்த் தூள், அன்னாட்டோ என்கிற விதைச் சாயம், மஞ்சள் மூன்றுக்கும் மாறினார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி மஞ்சள்தான்! அதைக் கேட்டதும் பேரனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. ரொட்டித் தூளை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டான். இருந்தாலும் டப்பாதான் தனக்குப் பிடிக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டான். பிறந்ததில் இருந்து சாப்பிட்ட ருசி, அவன் சொல்வதையும் நான் மதிக்கிறேன்.

கடைச் சுவரில், ‘1937-ல் அமெரிக்காவில் பிறந்த உணவு’ என்று இதைப் பற்றி எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டும். 1937-ல் வந்தது டப்பா. சாப்பாடு அதைவிட ரொம்பப் பழசு. மகள் சொல்லித்தான் எனக்கும் இந்த விவரம் தெரியும். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெஃபர்சன் 1784-ல் பாரிஸுக்குப் போனபோது, தனக்கு அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்பவரையும் கூட்டிப்போய் பிரெஞ்சுச் சமையல் படிக்க வைத்தார். ஊர் திரும்பிய ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்கு அந்தச் சமையலைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் 1796-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது. 1802-ல் ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனி பை பரிமாறியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட ஒரு விருந்தாளி, ருசி ரொம்பத் தூக்கலாக இருந்தது, தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். ஜேம்ஸ் ஹெமிங்ஸ் மாதிரி சமையல்காரர்களின் கைவழியாகத்தான் இது அந்த நாட்டுச் சாப்பாடாக ஆனது. டப்பா விற்ற வருஷத்தைச் சுவரில் எழுதும்போது அவர் பெயரையும் எழுதத்தான் வேண்டும். கடைக்காரரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

அடுத்து, ‘சுக்கா மசாலா மேக் அண்ட் சீஸ்’ என்று ஒன்று 240 ரூபாய்க்கு வைத்திருக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்காக யோசித்துச் செய்தது என்பது புரிகிறது. மைத்துனர் அதைத்தான் வாங்கினார், நானும் ருசி பார்த்தேன். வேண்டாம். சுக்காவில் இருக்கும் எண்ணெய் சாஸோடு சேராமல் மேலே சிவப்பாக நிற்கிறது. மசாலாவில் தக்காளி போட்டிருக்கிறார்கள், அந்தப் புளிப்பு பட்டதும் சாஸ் ஓரங்களில் பிரியத் தொடங்குகிறது. பாலில் புளிப்பு விழுந்தால் என்ன ஆகும் என்பது எந்த வீட்டு அடுப்படியிலும் தெரிந்த விஷயம். சுக்கா வேண்டுமென்றால் இந்த ஊரில் அதற்கென்று எத்தனையோ கடைகள் இருக்கின்றன, சோற்றோடும் பரோட்டாவோடும் அது அத்தனை நன்றாக இருக்கும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டு இரண்டின் ருசியையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மைத்துனரோடு போன அந்த நாள் ஞாயிறு சாயங்காலம். கூட்டம் நெரிந்தது. ஆர்டர் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து நான் கேட்ட சாதா கிண்ணம் வந்தது. ஸ்பூனை விட்டதுமே தெரிந்துவிட்டது, சாஸ் மணல் மணலாக இருந்தது, ஓரத்தில் எண்ணெய் கோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் கடைக்காரர் பர்கர் பக்கம் நிற்க, உதவிக்கு வந்த பையன் ஒருவன் அடுப்பு முழுசாக எரியும்போதே சீஸைக் கொட்டிக்கொண்டிருந்தான். கெட்டுப்போன பாலைச் சங்கத்தில் ஒரு நாளும் நான் வாங்கிக் கேனில் ஊற்றியதில்லை, இதையும் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. “மன்னிச்சுக்கங்க அய்யா, நானே போட்டுத் தாறேன்” என்று கிண்ணத்தை எடுத்துப் போனார். மறுபடி வந்தது சரியாக இருந்தது, பழைய ருசி அப்படியே. தவறைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டு திருத்துகிறவர் நடத்தும் கடை என்பதால் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு அடுப்பை அணைக்கும் நேரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காது.

பார்சல் வாங்காதீர்கள். மக்ரோனி வழியிலேயே சாஸை உறிஞ்சி ஊதிவிடும், ஆற ஆற மாவுச்சத்து இறுகி எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். மகள் ஒரு நாள் வீட்டுக்கு வாங்கி வந்தாள். கொஞ்சம் பால் விட்டுச் சிறு தீயில் மெல்லக் கிளறியதில் ஓரளவு மீண்டது, ஆனால் கடையில் சாப்பிட்டது போல் வரவே இல்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு தகவல். பாலை உறைய வைக்கும் ரென்னெட் பழைய முறையில் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுப்பது. அதனால் சீஸ் சைவமா என்ற கேள்வி நியாயமானது. இவர்கள் வாங்கும் இரண்டு சீஸ் உறைகளையும் எனக்கு எடுத்துக்காட்டினார்கள், இரண்டிலும் பச்சைப் புள்ளி இருக்கிறது, நுண்ணுயிரியில் இருந்து எடுத்த ரென்னெட் என்று அச்சிட்டும் இருக்கிறது. பாத்திரங்கள் தனித்தனி. ஓவன் மட்டும் ஒன்றுதான், சிக்கன் கிண்ணமும் அதற்குள்தான் போகிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொன்னால், ஓவனில் வைக்காமல் அடுப்பில் இருந்து நேராகக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டித் தூளைத் தனியாக வறுத்துத் தூவித் தருகிறார்கள். அதையும் ஒரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். சாஸ் இன்னும் தளர்வாக, இன்னும் பால் மணத்தோடு இருந்தது. எனக்கு அதுவே கூடுதலாகப் பிடித்தது.

செவ்வாய் விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறார்கள். வார நாளில் மூன்று மணியை ஒட்டிப் போனால் கூட்டம் இருக்காது, கடைக்காரரே அடுப்பில் நிற்பார். வண்டியை எண்பது அடி ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது, தெரு குறுகல், பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோக்கள் அடைத்துக்கொள்ளும்.